ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்

வணக்கம் சார்,

துறையூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் வேலை. மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மொத்தமே 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் பாதி நாள் மீட்டிங் என்று போய்விடுகிறார். பாப்பா இன்னும் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். டவுன் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. வேனோடு சேர்த்து வருஷத்துக்கு 38,000 கேட்கிறார்கள். நான் ஊர் முழுக்க "அரசுப் பள்ளியில் சேருங்கள்" என்று பேசித் திரிந்தவன். இப்போது நானே மாற்றினால் ஊர் சிரிக்காதா? பையனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவனையாவது 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியாரில் சேர்க்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

இந்தச் சண்டையில் நான் உங்கள் வீட்டம்மா பக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்றால் அது சண்டை போட வேண்டிய விஷயம்தான். ஊர் சிரிக்குமா என்பதெல்லாம் உங்கள் கவலை. அதைப் பாப்பா தலையில் வைக்காதீர்கள்.

ஆனால் தலைமையாசிரியர் மேல் நீங்கள் காட்டும் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கப் பள்ளியில் அவரும் வகுப்பெடுக்கிற ஆசிரியர்தான். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் போகணும், பயிற்சி என்றால் போகணும், எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) தகவல் ஏற்றணும். அவர் போன நாளில் மிச்சமிருப்பவர் ஒரே ஆள், எதிரே ஐந்து வகுப்பு. எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் அன்றைக்குப் பாடம் நடக்காது, மேய்ச்சல்தான் நடக்கும்.

இந்த நிலைமை தற்செயலாக வந்ததில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. பிள்ளைகள் எத்தனை பேர் என்றுதான் கணக்கே தவிர, வகுப்பு எத்தனை என்று இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று இருக்கிற எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். ஆசிரியர் போனார் என்று இன்னும் நாலு பேர் பிள்ளைகளை மாற்றுவார்கள். ஒரு வீட்டுக்கு நியாயமாக இருக்கிற முடிவு, மிச்சப் பிள்ளைகளின் பள்ளியைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாததுதான் இதில் எரிச்சலான பகுதி.

சரி, டவுன் பள்ளிக்கு வருவோம். உங்கள் தெருவிலிருந்து அந்த வேனில் போகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். வீட்டுக்குக் கூப்பிட்டு, அதன் பாடப் புத்தகத்திலேயே பார்க்காத ஒரு பக்கத்தைத் திருப்பி, தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்து அழகாக இருக்கிறதா, ரைம்ஸ் ஒப்பிக்கிறதா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதி நோட்டை நிரப்புகிற பள்ளிகள் உண்டு, அங்கே டை கட்டிய பிள்ளையும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். நன்றாக வாசித்தால் அந்தப் பள்ளியை நம்பலாம். 38,000 என்கிறார்களே, அதில் கல்விக் கட்டணம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்து, அதற்கென்று குழுவும் இருக்கிறது. அந்தப் பள்ளிக்குக் குழு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வழக்கமான முறையை விட்டு வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கும் மாற்றுப் பள்ளிகள் பற்றியும் ஒரு வரி. திருவண்ணாமலை மருதம் பண்ணைப் பள்ளி போன்றவை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் துறையூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. எலக்ட்ரீஷியன் குடும்பம் அதற்காக ஊர் மாறணும் என்று சொல்வது மனசாட்சி இல்லாத ஆலோசனை.

என் யோசனை வேறு. அரசுப் பள்ளியா தனியாரா என்ற இரண்டே வழி இருப்பதாக வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு அரசுப் பள்ளி என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பக்கத்து ஊரிலோ டவுனிலோ எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி இருக்கும். அங்கே பிள்ளைகள் அதிகம் என்றால் ஆசிரியர்களும் அதிகம், ஒருவர் மீட்டிங் போனாலும் வகுப்பு நிற்காது. இந்த ஊர்ப் பிள்ளை இங்கேதான் படிக்கணும் என்று விதி ஒன்றும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி டி.சி. உடனே தரணும், அது தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. வேனுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஷேர் ஆட்டோ பேசலாம். ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

அதுவரை பாப்பாவின் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்க 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். பாப்பா எதில் இருக்கிறாள்? அந்தப் பதிலே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அப்புறம் தினமும் ராத்திரி அரை மணி நேரம் அவளை உரக்க வாசிக்க வையுங்கள். இதற்கு எந்தப் பள்ளியும் ஈடு கிடையாது, 38,000 வாங்குகிற பள்ளியும்தான்.

ஒருவேளை தனியாருக்கே மாற்றினாலும் கதவு மூடிவிடாது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. ஐந்தாவது முடித்துத் திரும்பி வரலாம். மேடையில் பேசும்போது நாம் இதைச் சொல்வதில்லை, ஆனால் நிறையப் பேர் செய்கிறார்கள்.

பையன் விஷயம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுகிற 25 சதவீத ஒதுக்கீட்டில், அந்தப் பள்ளி உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கணும் என்கிறார்கள். டவுன் பள்ளி என்றால் அங்கேயே அடிபட்டுப் போகும். 2025இல் மத்திய நிதி வராமல் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தது. கிடைத்தாலும் அரசு கொடுப்பது கல்விக் கட்டணம்தான், வேன் செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும். 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பிள்ளைகள் ஐந்து வயதில் அரசுப் பள்ளியை விட்டுப் போவதில்லை, மூன்றரை வயதிலேயே வேன் ஏறிவிடுகிறார்கள் என்பது அரசுக்கு அவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது. பாப்பாவுக்காக நடுநிலைப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது, அங்கே எல்.கே.ஜி. இருக்கிறதா, அதற்கென்று தனி ஆசிரியர் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டுமே இருந்தால் அக்காவும் தம்பியும் ஒரே ஆட்டோவில் போகலாம்.