பிற்காலப் பெயின்ட்டின் அடியில் மறைந்திருக்கும் பழைய சைக்கிளின் அசல் வண்ணத்தை மீட்பது எப்படி?

பச்சைப் பெயின்ட் உரிந்த இடங்களில் மெரூன் நிறமும் ஒரு பொன்னிறக் கோட்டின் துண்டும் தெரிவதாகவும், முழுவதையும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு அதே மெரூனைப் புதிதாக அடித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சுரண்டாதீர்கள். உங்கள் சைக்கிளின் அசல் வண்ணத்துக்கு இருக்கும் நம்பகமான சாட்சி அந்தப் பச்சைக்கு அடியில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பழைய சைக்கிள்களைச் சீரமைத்துவரும் எனக்கு, தொழிற்சாலையில் ஏறிய பெயின்ட்டில் பாதி மிஞ்சியிருந்தாலும்கூட, அது மிகத் திறமையான புதுப் பூச்சைவிட மதிப்பானது.

முதல் வேலை, எந்த நிறத்தை மீட்கப் போகிறோம் என்று அறிவது. வெயில் பட்ட இடத்தில் தெரியும் மெரூனை நம்ப வேண்டாம். சிவப்புச் சாயங்கள் வெயிலில் வெளுக்கும். மேலே அடித்த வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, நீலத்தைக்கூடப் பச்சையாகக் காட்டும். முன்புறம் நிறுவனத்தின் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கழற்றி அதன் அடியிலும், பிரேக் கம்பிகளையும் பம்ப்பையும் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியிலும் பாருங்கள். வெளிச்சமே படாத நிறம் அங்கே இருக்கும். ஃபோர்க்கின் உட்பக்கம், செயின் கார்டின் பின்பக்கம் போன்ற மறைவான இடங்களில் தொழிற்சாலையிலேயே மெல்லிய பூச்சோடு விட்டிருக்கக்கூடும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, ஏற்கெனவே பெயின்ட் பெயர்ந்திருக்கும் ஒரு சிறு இடத்தின் விளிம்பை, மிக நுண்ணிய வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு, நகத்தின் அகலத்துக்கு மட்டும் சரிவாகத் தேயுங்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல இரும்பு, பிரைமர், அசல் நிறம், வார்னிஷ், பச்சை என அடுக்குகள் வட்டமாகத் தெரியும். அதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கும்போது மெரூனுக்கு அடியில் வெள்ளி நிற அடுக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது வெள்ளி அடித்தளத்தின் மேல் ஒளி ஊடுருவும் நிற லாக்கரை ஏற்றி எடுத்த பூச்சு. ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் இதை ஃபிளாம்பாயண்ட் என்று அழைத்தார்கள். அத்தகைய நிறத்தைக் கடையில் கலந்து வாங்கும் ஒற்றை மெரூனால் எவ்வளவு முயன்றாலும் ஈடு செய்ய முடியாது, ஏனெனில் அதன் ஆழம் அடியிலிருந்து திரும்பி வரும் ஒளியில் இருக்கிறது.

ஆண்டு தெரிந்தால் அந்தக் காலத்து விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிடலாம். பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் அதன் உலோகத்தில் ஆண்டைக் குறிக்கும் எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் ஃபிரேமின் எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

இனி பச்சையை எடுக்கும் வேலை. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் சூளையில் சுட்டு இறுக்கிய எனாமல். பிரஷ்ஷால் அடித்துக் காற்றில் உலரவிட்ட பிற்காலப் பெயின்ட் அதைவிட மென்மையானது. இந்த வேறுபாடுதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. மறைவான ஓர் இடத்தில் பஞ்சில் முதலில் மெத்திலேட்டட் ஸ்பிரிட், போதாவிட்டால் தின்னர் என்று மிதமானதிலிருந்து தொடங்கிச் சோதித்து, பச்சை இளகி மெரூன் அசையாமல் நிற்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். பஞ்சில் மெரூன் ஏறத் தொடங்கிய கணமே நிறுத்திவிட வேண்டும். பொன்னிறக் கோடுகளும் எழுத்து ஒட்டுப்படங்களும் எனாமலுக்கு மேலே இருப்பவை. திரவம் முதலில் அவற்றைத்தான் கரைக்கும். ஆகவே கோட்டுக்கு அருகில் திரவத்தைத் தவிர்த்து, பிளாஸ்டிக் தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பச்சையை மெல்லிய செதில்களாகப் பெயர்த்தெடுப்பதே நல்லது. ஒரு குழாய்க்கு ஒரு வாரம் பிடித்தாலும் அவசரப்பட வேண்டாம். பழைய பெயின்ட்களில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். கையுறையும் தகுந்த முகக்கவசமும் அணிந்து, செதில்களைச் சேகரித்து, குழந்தைகளை அந்த இடத்துக்கு வரவிடாமல் வேலை செய்யுங்கள்.

வெளிப்பட்ட மெரூனில் இரும்பு தெரியும் பள்ளங்களுக்கு மட்டும், துருவை நீக்கிப் பிரைமர் இட்டு, சிறு பிரஷ்ஷால் நிறத்தை நிரப்புங்கள். பக்கத்துப் பழைய பெயின்ட்டின் மேல் ஏற்ற வேண்டாம். அழிந்துபோன கோட்டைத் தொடர வேண்டுமானால், மிஞ்சியிருக்கும் துண்டின் அகலத்தையும் விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும் முதலில் டிரேசிங் தாளில் பதிந்துகொண்டு, நீண்ட மயிருள்ள கோட்டுப் பிரஷ்ஷால் கையாலேயே இழுங்கள். டேப் ஒட்டி அடித்த கோட்டில் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், உயிர் இருக்காது. எல்லாம் நன்கு உலர்ந்த பின் மெழுகு போதும்.

மெரூன் உண்மையிலேயே பெரும்பகுதி போய்விட்டிருந்தால் முழுதாக அடிப்பதில் தவறில்லை. அப்போதும், மணலை வேகமாக வீசிப் பெயின்ட்டை உரிக்கும் மணல் வீச்சுக்குக் கொடுக்கத் தயங்குங்கள், அது உலோகத்தையும் அரிக்கும். ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாய்களால் ஆனவை போன்ற இலேசான ஃபிரேம்களில் குழாயின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் கொண்டிருக்கும். வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கின் 200 டிகிரி செல்சியஸ் சூடு குழாய்களை இணைக்கும் பித்தளைப் பற்றவைப்பைத் தொடாது என்றாலும், அதன் தடித்த படலம் இணைப்புகளின் நுண்ணிய விளிம்புகளையும் பொறித்த எண்ணையும் மூழ்கடித்துவிடும். எது செய்தாலும், பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் அகல இடத்தை அசல் பூச்சோடு அப்படியே விட்டுவையுங்கள். பின்னால் சைக்கிளைக் கையில் எடுப்பவர் உங்கள் மெரூனைச் சரிபார்க்க அது வேண்டும்.