நான்சென் யாருக்குச் சோறு போட்டார்?

கேள்வி: துருவத்தில் பனிச்சறுக்கு விட்டவர், லண்டனில் தூதராக விருந்து சாப்பிட்டவர், கடைசியில் மனிதாபிமானி என்று நோபல் பரிசு வாங்கியவர்: நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சென்னை இப்படி எல்லாரும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஜெனீவாவில் உட்கார்ந்து பேசியவர் யாருக்குச் சோறு போட்டார்? வாரயிறுதியில் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் எங்கள் தொண்டூழியர்களை யார் கண்டுகொள்கிறார்கள்? (வாசகர், செம்பவாங், சிங்கப்பூர்)

பதில்: சாப்பாடு கொடுப்பவர்களுக்கு முதலில் என் வணக்கம். ஆனால் ‘உட்கார்ந்து பேசியவர்’ என்று ஒரே வரியில் ஆளைக் கவிழ்த்துவிட்டீர்களே, அதை விடமுடியாது.

லண்டனில் அவர் தூதராக இருந்தது 1906 முதல் 1908 வரைதான். அப்போது கற்ற வித்தை 1920இல் உதவியது. முதல் உலகப் போர் முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லாமல் ரஷ்யாவிலும் மற்ற நாடுகளிலும் கிடந்த போர்க் கைதிகளை மீட்கும் வேலையை, ஜெனீவாவில் இருந்த நாடுகளின் சங்கம் (இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி) அவரிடம் கொடுத்தது. மாஸ்கோவோ அந்தச் சங்கத்தையே ஏற்கவில்லை. சங்கத்தோடு பேசமாட்டோம் என்றவர்கள் நான்சென்னோடு பேச ஒத்துக்கொண்டார்கள். 1922க்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, சோற்றுக்கு வருவோம். 1921இல் வோல்கா நதிப் பக்கம் கடும் பஞ்சம். நான்சென் ஜெனீவாவில் எழுந்து நின்று, அமெரிக்காவில் மக்காச்சோளம் வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடக்கிறது, கப்பல்கள் துறைமுகங்களில் சும்மா நிற்கின்றன, கடன் மட்டும் கொடுங்கள் என்று மன்றாடினார். ரஷ்யாவை ஆண்ட லெனினின் போல்ஷெவிக்குகளுக்குப் பலம் கூடிவிடும் என்று அரசுகள் கையை விரித்துவிட்டன. மனிதர் சும்மா இருக்கவில்லை, பஞ்சப் பகுதிக்கே போனார், அங்கே எடுத்த படங்களைக் காட்டி ஊர் ஊராக நிதி கேட்டார். (அதிகம் பேருக்குச் சோறு போட்டது ஹூவரின் அமெரிக்க நிவாரண அமைப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆனால் அவர் செய்ததிலேயே பெரியது சோறு இல்லை, ஒரு தாள். வெளிநாட்டுக்கு ஓடிய ரஷ்யர்களின் குடியுரிமையை லெனின் அரசு 1921 டிசம்பரில் பறித்துவிட்டது. எந்த நாட்டுக்காரன் என்று காட்ட ஒன்றும் இல்லாதவனுக்கு எல்லை தாண்டவும் முடியாது, ஒழுங்கான வேலையும் கிடைக்காது. 1922இல் அவர்களுக்காக வந்த பயணத் தாள்தான் ‘நான்சென் பாஸ்போர்ட்’. அதில் நான்சென் முகம் அச்சிட்ட முத்திரைத்தலை ஒட்டியிருக்கும், அதற்கு வசதியுள்ளவர்கள் கட்டிய ஐந்து தங்க பிராங்க் இல்லாதவர்களின் உதவி நிதிக்குப் போனது. 50க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. பேச்சு இல்லாமல் இத்தனை நாடுகளை எப்படி மடக்குவதாம்?

தாளின் அருமை உங்கள் செம்பவாங்கிலேயே தெரிந்திருக்க வேண்டும். 1978 முதல் 1996 வரை அங்கே ஹாக்கின்ஸ் ரோட்டில் வியட்நாம் அகதிகள் முகாம் இருந்ததே! நடுக்கடலில் கப்பல்கள் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்களை, ‘இவர்களை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்’ என்று வேறொரு நாடு உறுதி கொடுத்த பிறகுதான் சிங்கப்பூர் இறக்கிக்கொண்டது. அவ்வளவு ஏன், நீங்கள் சாப்பாடு கொடுக்கும் ஊழியரிடமே அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள், அவர் அதிகம் பயப்படுவது ஒரு வேளைப் பசிக்கா, ஒர்க் பர்மிட் ரத்தாவதற்கா என்று.

நான்சென்னைத் திட்டத்தான் வேண்டும் என்றால் விருந்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பிடியுங்கள். 1922 டிசம்பரில் அமைதிப் பரிசு. 1923 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் லோசானில், கிரேக்கமும் துருக்கியும் மக்களை மதம் பார்த்து மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம். பரிந்துரைத்து முன்நின்றவர்களில் இவரும் ஒருவர். பத்து லட்சத்துக்கும் மேலான கிறிஸ்தவர்களும் பல லட்சம் முஸ்லிம்களும் பிறந்த ஊரை இழந்தார்கள், போக விருப்பமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வேறு வழியில்லை, இல்லாவிட்டால் இன்னும் ரத்தம் ஓடும் என்பது அவர் தரப்பு வாதம். எனக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. நீங்கள் படித்த புகழுரைகளில் இது ஒன்றிலாவது இருந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள்.