சாட்டிலைட் படத்தில் தெரியாத நிலம்

கேள்வி: சத்தியமங்கலம் மலையில் வசிக்கும் சோளகர் குடும்பம் நாங்கள். தாத்தா காலத்திலிருந்து இரண்டு ஏக்கரில் ராகியும் அவரையும் போட்டு வருகிறோம். வன உரிமைச் சட்டப்படி நான் கொடுத்த மனுவைக் கிராம சபை ஏற்றுக்கொண்டது. ஆனால், 'சாட்டிலைட் படத்தில் சாகுபடி தெரியவில்லை' என்று உட்கோட்டக் குழு தள்ளுபடி செய்துவிட்டது. கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அறுப்பு முடிந்ததும் காலி செய்யச் சொல்கிறார் ஃபாரஸ்ட் கார்டு. என்ன செய்வது?

பதில்: யார் வாய்மொழியாகச் சொன்னாலும் நிலத்தை விட்டு வெளியேறாதீர்கள். உரிமையை விசாரித்து முடிக்கும்வரை உங்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு. உங்கள் மலை புலிகள் காப்பகமாக இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 13 அன்று உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. நிராகரிப்புகள் எந்த முறையில் நடந்தன என்று மாநிலங்களிடம் விளக்கமும் கேட்டது.

உங்களுக்குச் சொல்லியிருக்கும் காரணம் நிற்காது. சாட்டிலைட் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக வரலாமே தவிர, அவற்றுக்குப் பதிலாக வர முடியாது என்று விதிகளிலேயே இருக்கிறது. மழையை நம்பி ராகி விதைக்கும் சின்னக் காடு மேலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும்?

கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யுங்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பே நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது என்று காட்டினால் போதும். நீங்கள் பழங்குடியினர் என்பதால், காட்டில் வாழும் மற்றவர்களிடம் கேட்பதுபோல் 75 ஆண்டு ஆதாரம் கேட்கக் கூடாது. பட்டா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். 13ஆம் விதிப்படி அது செல்லும். வீடு, வரப்பு, கிணறு, முன்னோர் சமாதி, ஊர்ச் சாமி இருக்கும் இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து இணையுங்கள். ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியலும் உதவும். ஒரே ஆதாரத்தோடு நிற்காதீர்கள். கிராம சபைத் தீர்மான நகலை மறக்கவே வேண்டாம். 2013இல் ஒடிசாவின் நியமகிரி மலைச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றமே கிராம சபைக்குத்தான் முதலிடம் கொடுத்தது.

மாவட்டக் குழுவும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உங்களுக்கு வக்கீல் செலவு கிடையாது: பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஈரோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதத்தோடு இந்த வாரமே போங்கள்.