கிளட்ச் பிளேட் தேய்ந்ததா, கேபிள் இறுகியதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில், கையால் கியர் மாற்றும் பழைய கார்களின் கிளட்ச் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் கார் இருபது வயதைக் கடந்தது, கேபிளில் இயங்கும் கிளட்ச். மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வேகம் கூடுவதில்லை. கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. எஞ்சினின் சுழற்சி ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். எஞ்சின் இரைச்சலும் கூடாமல் வேகமும் கூடாமல் வண்டி இழுக்கத் திணறினால் அது கிளட்சின் குறை அல்ல. எரிபொருள் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கிளட்சை மாற்றியவர்கள் பலர்.

சோதனையை ஓட்டிப் பார்த்தே செய்வது நல்லது. ஆளரவமற்ற, நேரான சாலையில் மணிக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் சென்றுகொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே மெல்ல ஏறும்; வழுக்கினால் சத்தம் திடீரென்று எகிறும், வேகமானி அதே இடத்தில் நிற்கும், சற்று நேரத்தில் கருகிய வாடையும் வரலாம். சிறிய கியரில் சக்கரம் எளிதாக உருண்டுவிடுவதால் கிளட்சின் மீது பளு நீடிப்பதில்லை. அதனால்தான் குறை முதலில் பெரிய கியரிலும் மேட்டிலும் தலைகாட்டுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெரிய கியரில் போட்டு, பெடலை விட்டு எஞ்சின் நின்றுபோகிறதா என்று பார்ப்பதும் வழக்கத்தில் உள்ள சோதனைதான். ஆனால் அது மிகவும் தேய்ந்துபோன கிளட்சை மட்டுமே காட்டிக்கொடுக்கும். எஞ்சின் நின்றுவிட்டது என்பதற்காகக் கிளட்ச் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. தவிர, திரும்பத் திரும்பச் செய்தால், எஞ்சினின் சுழற்சியை உராய்வால் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பிளேட் நல்லதாக இருந்தாலும் சூடேறிப் பழுதாகும்.

வழுக்குவது உறுதியான பிறகும் பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்ய அவசரம் வேண்டாம். உங்களுடையது கேபிள் கிளட்ச் என்பதால் முதலில் பெடலின் தளர்வை அளந்து பாருங்கள். பெடலை விரலால் அழுத்தினால் கனமாகத் தடுக்கும் வரை சிறிது தூரம் லேசாக இறங்க வேண்டும். பல பழைய கார்களில் இது 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றை அழுத்திக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்ந்து வருகின்றன. அதனால் இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விடுகிறது. அப்போது நீங்கள் பெடலைத் தொடாவிட்டாலும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை எந்நேரமும் சற்று அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட்டில் இன்னும் தடிமன் மீதம் இருந்தும் பிடிப்பு போதாமல் வழுக்கும். கேபிளின் முனையில் உள்ள நட்டைத் திருப்பித் தளர்வை மீட்டெடுத்தாலே சரியாகிவிடும் வண்டிகள் உண்டு. தானாகவே சரிசெய்துகொள்ளும் கேபிள் அமைப்பு உள்ள கார்களில் அந்த அமைப்பே சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆனால் வழுக்கிய நிலையிலேயே நெடுநாள் ஓட்டியிருந்தால் பிளேட்டின் மேற்பரப்பு வெந்து பளபளத்துப் போயிருக்கும். அதற்குப் பிறகு நட்டைத் திருப்பிப் பயனில்லை.

தளர்வு சரியாக இருந்தும் வழுக்குகிறது என்றால், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். கறுத்து வடிந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில், கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். எண்ணெய் பட்ட பிளேட்டைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். கசியும் ஆயில் சீலை மாற்றாமல் புதிய பிளேட்டைப் போட்டால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும். கசிவும் இல்லை, தளர்வும் சரி என்றால் உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் கியர் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டுப் போட்டால் சில சமயம் சத்தமின்றி விழுகிறது. இது கியர் பாக்ஸின் கோளாறா?

பதில்: நீங்கள் கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போது எளிதாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுத்தால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று கொள்ளலாம். எஞ்சின் நின்றிருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் லீவரின் இணைப்புகளையோ கியர் பாக்ஸையோதான் பார்க்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் சின்க்ரோ அமைப்பு (கியர் விழுமுன் சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்குவது) கிடையாது. ஆகவே கிளட்ச் சிறிதளவு இழுத்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கியர்தான் முதலில் கடிக்கும். பெடலை அடிவரை மிதித்து நான்கைந்து வினாடி பொறுத்துப் போடும்போது சத்தம் வராவிட்டால் கிளட்சில் குறையில்லை, அவசரத்தில்தான் குறை. பொறுத்தும் கடித்தால் மேற்கொண்டு பாருங்கள்.

மிகச் சாதாரணமானதிலிருந்து தொடங்குகிறேன்: பெடலுக்கு அடியில் தடித்த கால் மிதி சுருண்டு கிடந்தால் பெடல் அடிவரை போகாது. கிளட்ச் விடுபட்ட நிலையில் பிளேட்டின் ஒரு பக்கத்துக்கும், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், பெடலில் இழக்கும் சிறு தூரமும் கணக்கில் வரும்.

திரும்பத் திரும்ப மிதித்தால் சரியாகிறது என்பதால் உங்கள் வண்டியில் இருப்பது, கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சாகவே இருக்க வேண்டும். குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது பெடலால் இயங்கித் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் கசிகிறது. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, கியரில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி பொறுத்திருங்கள். வண்டி சிறிது நேரம் கழித்து மெல்ல நகர முயன்றால், சிலிண்டரின் உள்ளே திரவம் சீலைத் தாண்டிக் கசிகிறது. வெளியே ஒரு துளியும் தெரியாது. பெடல் பஞ்சுபோல அமுங்கினால் காற்று. வெளிக்கசிவைக் காண, பெடலின் பின்புறம் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு வரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அந்தத் திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே பொருத்தப்பட்டிருந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அதுதான் இடம். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் பிரேக் ஆயில் வருகிறது. ஆகவே அளவு குறைந்திருப்பதைக் கண்டால் பிரேக்கையும் சேர்த்துச் சோதிப்பது அவசியம். தொட்டியின் மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையை மட்டும் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஒரு கரண்டி சேர்ந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது, ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம்.

இதே குறை கேபிள் வண்டியில் வந்தால் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கேபிள் எஞ்சின் அறைக்குள் நுழையும் தகட்டைப் பாருங்கள். அந்த இடம் துருவால் பலவீனமாகி, மிதிக்கும்போதெல்லாம் தகடு வளைந்து கொடுப்பது பழைய கார்களில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் குறை. எத்தனை புதிய கேபிள் மாட்டினாலும் அது தீராது.

கேள்வி: பெடலை மிதிக்கும்போது கீச்சென்ற சத்தம் வருகிறது. என் நண்பரின் காரிலோ மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: அல்ல, ஏறத்தாழ நேர் எதிரானவை. பெடலைத் தொட்டு அழுத்தத் தொடங்கியதும் சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது முனகி, மிதித்ததும் அடங்கினால், கியர் பாக்ஸின் உள்நுழையும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்ததும் அந்தத் தண்டு நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. உங்கள் நண்பர் கிளட்ச் செட்டை மாற்றினால் அவருடைய சத்தம் தீராது. எஞ்சினை நிறுத்திய நிலையிலும் மிதித்தால் கீச்சிடுகிறது என்றால் பெடலின் மூட்டிலோ, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ரிலீஸ் ஃபோர்க்கின் மூட்டிலோ கிரீஸ் வறண்டிருக்கிறது.

கேள்வி: முதல் கியரில் வண்டியை நகர்த்தும்போது வண்டி முழுவதும் உதறுகிறது. பிளேட்டை மாற்றி ஓராண்டுதான் ஆகிறது.

பதில்: எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்குகளைப் பார்த்தீர்களா? ரப்பர் கிழிந்த மவுண்டிங் எஞ்சினைத் துள்ளவிடும், பழி கிளட்சின் மேல் விழும். அவை நன்றாக இருந்தால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது பிளேட்டை மாற்றியபோது ஃபிளைவீலின் முகத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அதில் நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகள் இருந்தால் புதிய பிளேட்டும் சீராகப் பிடிக்காது. மழைக்கால காலையில் மட்டும் சில முறை உதறிவிட்டு நின்றுபோனால் அது மேற்பரப்பில் படிந்த ஈரமும் லேசான துருவும்தான், பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் எவற்றையெல்லாம் மாற்றச் சொல்வது?

பதில்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், உழைப்புக் கூலி ஒன்றுதான், பேரிங்கை மட்டும் விட்டுவைத்து மறுபடி இறக்குவது வீண். எஞ்சினின் பின்புற ஆயில் சீலையும் கியர் பாக்ஸின் முன் சீலையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: உராய்வுப் பட்டையைப் பிணைக்கும் ரிவெட்டின் தலை மேற்பரப்பிலிருந்து குறைந்தது 0.3 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்கள் வைக்கும் எல்லை. மற்றொன்று, மிகப் பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதி விடாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள், துடைக்கும்வரை நீங்களும் அருகில் நிற்க வேண்டாம்.