இன்ஜின் பேரிங் செல் வாங்கும் முன் கிராங்கை அளந்துவிடுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2008 மாடல் மாருதி 800. 1,90,000 கி.மீ. ஓடிவிட்டது. இரண்டு மாதமாக, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது இன்ஜின் அடியில் ‘டொக் டொக்’ என்று தட்டுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது. மெக்கானிக் “ஹாஃப் இன்ஜின் வேலை” (இன்ஜினின் கீழ்ப்பாதி முழுக்க) என்று சொல்லி 28 ஆயிரம் கேட்கிறார். என் மைத்துனரோ, “சம்பை இறக்கி பேரிங் செல்லை மாத்தினா முடிஞ்சுது மாப்ள, வீட்லயே பண்ணிடலாம்” என்கிறார். செல் விலை அந்த 28 ஆயிரத்தில் ஒரு சின்னப் பங்குதான். எந்தக் கம்பெனி செல் வாங்கலாம்?
– பல்லடம் வாசகர்

பதில்: கம்பெனி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். செல் என்பது இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடு. அதைப் பார்க்க, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பை இறக்க வேண்டும். இன்னும் வாங்கவில்லைதானே? நல்லது. நான் வாங்கிவிட்டு முழித்தவன்.

என்னிடம் ஒரு பழைய ஓம்னி இருந்தது. உங்கள் வண்டியில் உள்ள அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் குடும்பம். தட்டும் சத்தம் வந்ததும், சனிக்கிழமை மாலையே ‘ஸ்டாண்டர்டு’ அளவில் (கிரைண்டிங் செய்யாத கிராங்குக்கானது) கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் செல் ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை சம்பை இறக்கி, ராடின் அடிமூடியான முதல் கேப்பைக் கழற்றிப் பழைய செல்லைத் திருப்பிப் பார்த்தால், முதுகில் 0.25 என்று குத்தியிருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ கிராங்கைக் கிரைண்டிங் செய்திருக்கிறார். கிராங்க் விட்டத்தில் கால் மில்லிமீட்டர் இளைத்திருக்கிறது, அதனால் இரண்டு அரைச் செல்லும் சேர்ந்து அந்த அளவுக்குத் தடிமனாக வேண்டும். நான் வாங்கிய செல்லைப் போட்டிருந்தால் புது பேரிங்கோடு பழைய சத்தமே கேட்டிருக்கும். அந்த வாரம் முழுக்க வண்டி இரும்பு ஸ்டாண்டு மேலேயே நின்றது. மனைவி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். அந்த ஏழு நாட்களைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது எனக்கு நல்லது.

அதனால் உங்கள் பணம் போக வேண்டிய முதல் இடம் செல் கடை இல்லை. ஆயில் லைட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த விளக்கு ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டுவதில்லை. அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே விழுந்தால் எரியும், அவ்வளவுதான். அந்த விளக்கை இயக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் கெட்டிருந்தாலும் எரியும். சம்பில் உள்ள வடிகட்டி வலையான ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்திருந்தாலும், ஆயில் பம்ப் தேய்ந்திருந்தாலும் எரியும். மெக்கானிக்கிடம் ஆயில் பிரஷர் கேஜ் இருக்கும். ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கிலும், கொஞ்சம் ரேஸ் கொடுத்தும் பாருங்கள். இரண்டிலும் அழுத்தம் சரியாக இருந்தால் ஸ்விட்ச்சை மாற்றுவதோடு பாதிக் கவலை தீரும்.

சத்தத்துக்கும் ஒரு சோதனை உண்டு. நீங்கள் சொல்வதுபோல் காலை எடுக்கும்போது லேசாகத் தட்டினால் பெரும்பாலும் பிக் எண்ட், அதாவது ராடு பேரிங். பாரம் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து கனமாக ‘தொம் தொம்’ என்றால் மெயின் பேரிங், அதாவது கிராங்கை இன்ஜின் பிளாக்கில் தாங்குவது. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக பிளக்கை வேலை செய்யாமல் நிறுத்திப் பார்த்தால், எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அந்த ராடில்தான் கோளாறு. உங்களுடையது எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டி என்பதால் பிளக் ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் தொங்க விடாதீர்கள். கையில் ஷாக் அடிக்கும், இக்னிஷன் காயிலும் கெட்டுப்போகும். ஒயருக்கு எர்த் கொடுத்துச் செய்ய வேண்டும். இது தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே பார்ப்பதும் நல்லது. செம்பு நிறத்தில் மின்னும் துகள் இருந்தால் செல்லின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் வந்துவிட்டது.

இதற்குப் பிறகும் பேரிங்தான் என்றால் சம்பை இறக்கலாம். மூன்று ராடுக்கு ஆறு அரைச் செல், நான்கு மெயினுக்கு எட்டு. கூடவே கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர். இதில் ராடு செல்லை மட்டும், இன்ஜினை வண்டியிலேயே வைத்து, கீழே படுத்தபடி மாற்ற முடியும். உங்கள் மைத்துனர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. மெயின் பேரிங்கின் மேல்பாதிச் செல்லையும், கிராங்கின் ஆயில் ஓட்டையில் சின்ன பின் ஒன்றைச் செருகி, கிராங்கைச் சுற்றி உருட்டி எடுக்கும் வித்தையைச் சிலர் செய்வார்கள். அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மெயின் தேய்ந்திருந்தால் இன்ஜின் கீழே இறங்கட்டும்.

கேப்பைக் கழற்றியதும் எந்தக் கேப் எந்த ராடுடையது, எந்தப் பக்கம் முன்னே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ராடும் கேப்பும் ஜோடியாகக் கடைந்தவை. மாற்றிப் போட்டால் வட்டம் கெடும். பிறகு கிராங்கின் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் வீட்டு வேலை அங்கேயே முடிந்தது, கிராங்க் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். வழுவழுப்பாக இருந்தாலும் அளக்காமல் விடாதீர்கள். வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். ஒரே இடத்தை இரண்டு திசையில் அளந்து, வித்தியாசம் 0.01 மி.மீ.க்கு மேல் போனால் கிராங்க் வட்டமாக இல்லை என்று அர்த்தம். உங்கள் ஊர்ப் பக்கம் லேத்துக்கா பஞ்சம்? மைக்ரோமீட்டர் இரவல் கேட்டால் ஆளும் சேர்ந்தே வருவார்.

அடுத்தது பிளாஸ்டிகேஜ். மெழுகு நூல் மாதிரி இருக்கும். ஆயிலைத் துடைத்துவிட்டு கிராங்க் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பை, முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சர்வீஸ் புத்தகம் சொன்ன அளவுக்கு முறுக்கி, திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். இடையில் கிராங்கைத் திருப்பிவிடக் கூடாது. இந்த மாதிரி சின்ன இன்ஜினில் புது நிலையில் இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ.க்குள் இருக்கும். உங்கள் மாடலுக்கு சர்வீஸ் புத்தகம் சொல்லும் எல்லைதான் கடைசிக் கணக்கு. முறுக்கு அளவும் அதில்தான். “ஒரு கை பார்த்து முறுக்கு” என்பது இந்த போல்ட்டுக்கு ஆகாது.

இப்போது வாங்கும் நேரம். பழைய செல்லின் முதுகில் எஸ்டிடி (ஸ்டாண்டர்டின் சுருக்கம்) என்றிருந்து, கிராங்கும் சரியாக அளந்தால் ஸ்டாண்டர்டு. கிரைண்டிங் செய்தால் 0.25 அல்லது 0.50, கடையில் ‘பத்து’, ‘இருபது’ என்பார்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது என்ற கணக்கு. பழைய செல்லையே கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். மெயின் செல் என்றால் இன்னொரு சிக்கல்: சுசுகி இன்ஜின்கள் பலவற்றில் ஸ்டாண்டர்டிலேயே தடிமன் வித்தியாசம் உண்டு. செல் ஓரத்தில் பூசிய வண்ணத்தை, கிராங்கிலும் பிளாக்கிலும் குத்தியிருக்கும் குறியோடு பொருத்தித்தான் எடுக்க வேண்டும்.

கம்பெனி? மாருதியின் சொந்த உதிரிப்பாகமோ, பல வண்டிக் கம்பெனிகளுக்குச் செல் செய்து கொடுக்கும் கோவை பைமெட்டல் போன்ற பெயருள்ள தயாரிப்போ, எதுவானாலும் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்க வேண்டும். செய்தித்தாளில் சுற்றி, “ஒரிஜினல்தான் சார், பெட்டி கிழிஞ்சுபோச்சு” என்று தரும் செல்லைத் தொடாதீர்கள். ஆட்டோ உதிரிப்பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில்லில் 28 போட்டிருந்தால் கேளுங்கள்.

மாட்டும்போது செல்லின் முதுகு காய்ந்து சுத்தமாக இருக்கட்டும், உள்பக்கம் மட்டும் ஆயில் பூசுங்கள். கேப்பை அரத்தில் தேய்த்தோ, செல்லுக்கு அடியில் பேப்பர் வைத்தோ இறுக்கம் வரவழைக்கும் பழக்கம் இன்னும் சில ஷெட்டில் இருக்கிறது. வண்டியை விற்கப்போகிறவருக்குத்தான் அது உதவும். ஸ்ட்ரெய்னரைக் கழுவி, பம்பையும் பாருங்கள். செல் தேய்ந்த காரணம் அங்கேதான் பல சமயம் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கல் வைத்தோ வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்க மனமில்லை என்றால் இந்த வேலையும் வேண்டாம்.

மெக்கானிக் கேட்ட 28 ஆயிரம் அதிகமா என்பதை, அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்காமல் சொல்ல முடியாது. கிராங்க் கிரைண்டிங், மெயின் செல், பிஸ்டன் ரிங், ஆயில் சீல், டைமிங் பெல்ட், கிளட்ச் எல்லாம் சேர்ந்தது என்றால் ஒரு விலை, வெறும் செல் என்றால் வேறு விலை. உங்கள் வண்டி 15 ஆண்டு தாண்டியது. ஆர்சி புதுப்பித்தது இன்னும் எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஆறு மாதத்தில் காலாவதி என்றால் நான் ராடு செல்லோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: செல் செட் வாங்கிவந்து பிரித்தால், பெட்டியில் எஸ்டிடி, உள்ளே இருக்கும் செல்லில் 0.50. கடைக்காரர் பில்லைக் காட்டி “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்கிறார். என்ன செய்யலாம்?
– ஈரோடு வாசகர்

பதில்: அந்த வரியை அச்சடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதும் அப்படியே.

ஆனால் ஒரு வேறுபாடு. பெட்டிக்குள் வேறு அளவு இருந்தால் அது பொருளின் குறை. நீங்களே 0.50 கேட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் அளந்தபின் ஸ்டாண்டர்டு வேண்டும் என்றால் அது உங்கள் குறை. கடைக்காரர் மாற்றித் தந்தால் அவர் நல்ல மனது. என் ஓம்னி கதையில் நான் இரண்டாவது வகை. கடைக்காரர் மாற்றித் தந்தார், ஒரு டீயும் வாங்கித் தந்தார்.

செல்லை வண்டியில் மாட்டாதீர்கள், ஆயில்கூடத் தடவாதீர்கள். பெட்டி, செல்லின் முதுகு, பில் மூன்றும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துவைத்து, எழுத்தில் கடைக்குத் தெரிவியுங்கள். மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல சண்டை அங்கேயே முடிகிறது. அதற்கும் மேல் என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், கடை சென்னையில் இருந்தாலும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஷெட்டில் கொடுத்து பேரிங் மாற்றினேன். 3,000 கி.மீ.யில் மறுபடி சத்தம். மெக்கானிக் “ஸ்பேர் மட்டம்” என்கிறார், கடைக்காரர் “வேலை மட்டம்” என்கிறார். நடுவில் நான்.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: செல்லை வாங்கியது யார்? மெக்கானிக்கே வாங்கிப் போட்டு மொத்தமாக பில் தந்திருந்தால் உங்களுக்குக் கடைக்காரர் யாரோ, மெக்கானிக்தான் பொறுப்பு. நீங்கள் வாங்கிக் கொடுத்திருந்தால், புகாரில் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். யார் தப்பு என்று அவர்கள் அங்கே பேசிக்கொள்ளட்டும்.

இப்போதே செய்ய வேண்டியது, வண்டியை ஓட்டுவதை நிறுத்துவது. ஓட்ட ஓட்ட கிராங்கும் தேயும், ஆதாரமும் தேயும். இருவரும் இருக்கும்போது வேறொரு பட்டறையில் பிரித்து, அளவை எழுதி வாங்குங்கள். கழற்றிய செல்லை ஷெட்டில் விட்டுவராதீர்கள். கசடோ மண்ணோ புதைந்த செல் ஒரு கதை சொல்லும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செல் இன்னொரு கதை சொல்லும்.

கேள்வி: பேரிங் வேலைக்குப் பதிலாக சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹாஃப் இன்ஜின் வாங்கிப் போட்டால் மலிவாக முடியுமா?
– செங்கல்பட்டு வாசகர்

பதில்: முடியும், ஒரு சங்கடத்தோடு. இன்ஜின் எண் பிளாக்கில்தான் குத்தியிருக்கும். ஹாஃப் இன்ஜின் மாறினால் எண்ணும் மாறும். ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதமும் விற்பவர் பெயரில் பில்லும் கிடைக்கவில்லை என்றால், விலையைக் கேட்காமலே திரும்பிவிடுங்கள். காகிதம் இருந்தால், பணம் கொடுக்கும் முன் சம்பைக் கழற்றச் சொல்லி ஒரு ராடு செல்லையாவது திருப்பிப் பாருங்கள். கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.