ஒரு பூச்சியம் தெரிந்தால் மற்றவை

கேள்வி: மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். 'ய³ − 19ய + 30 என்ற பல்லுறுப்பியின் ஒரு பூச்சியம் 2. மற்றவற்றைக் காண்க' என்று ஒரு பயிற்சி. தொகுமுறை வகுத்தலில் அவளுக்கு மீதி −4 வருகிறது. கேள்வியே பிழையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கேள்வி சரி. ய இன் இடத்தில் 2 போட்டால் பல்லுறுப்பி 0 ஆகிறது; பூச்சியம் என்பதன் பொருள் அதுதான். மகள் குணகங்களை 1, −19, 30 என்று எழுதியிருக்கிறார் போலும். அப்படி எழுதினால்தான் −4 வரும். ய² உறுப்பு இல்லாவிட்டாலும் அதற்குரிய இடம் உண்டு, அங்கே 0 போட வேண்டும். முப்படிக்கு நான்கு குணகங்கள், நாற்படிக்கு ஐந்து. வகுக்கத் தொடங்குமுன் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது 1, 0, −19, 30. முதல் 1 அப்படியே கீழே இறங்கும். அதை 2ஆல் பெருக்கி 0உடன் கூட்ட 2. அதையும் 2ஆல் பெருக்கி −19உடன் கூட்ட −15. மறுபடி 2ஆல் பெருக்கி 30உடன் கூட்ட 0, அதுதான் மீதி. ஈவு ய² + 2ய − 15, அதாவது (ய + 5)(ய − 3). மற்றப் பூச்சியங்கள் −5, 3. மூன்றையும் கூட்டினால் 0 வருகிறது; ய²இன் குணகம் 0 என்பதால் அப்படித்தான் வர வேண்டும்.

கேள்வி: ய⁴ − 3ய³ − 9ய² + 25ய − 6 இன் ஒரு பூச்சியம் 2 + √3. இதை வைத்துத் தொகுமுறையில் வகுத்தால் எல்லா வரியிலும் √3 வந்து குழப்புகிறது. வேறு வழி உண்டா?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு, தம்பி. குணகங்கள் எல்லாம் விகிதமுறு எண்கள். ஆகவே 2 + √3 பூச்சியமானால் 2 − √3உம் பூச்சியம். இரண்டின் கூட்டுத்தொகை 4, பெருக்கம் 4 − 3 = 1. எனவே ய² − 4ய + 1 ஒரு காரணி; √3 இங்கேயே மறைந்துவிடுகிறது.

இனி நெடும் வகுத்தல் செய்யலாம். ஆனால் இரண்டாம் படியில் −10 − (−4) என்பதை −14 என்று எழுதிவிடுபவர்கள் அதிகம். குணகங்களைச் சமப்படுத்துவதே எங்களுக்குப் பிடித்த வழி. மற்றக் காரணி ய² + கய − 6 என்று உடனே எழுதலாம், மாறிலிகளின் பெருக்கம் −6 ஆக வேண்டுமே. ய³இன் குணகம் க − 4 = −3, ஆகவே க = 1. ய இன் குணகம் க + 24 = 25, பொருந்துகிறது. ய² + ய − 6 = (ய + 3)(ய − 2). மீதிப் பூச்சியங்கள் 2 − √3, 2, −3.

2 + √3உடன் 2 − √3உம் வரும் என்ற இந்தச் சோடி விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகிக்காதீர்கள். ய² − √2ய இன் பூச்சியங்கள் 0, √2 மட்டுமே. −√2ஐப் பிரதியிட்டால் 4 வரும். குணகத்திலேயே √2 இருப்பதுதான் காரணம். சிக்கலெண் பூச்சியங்களுக்கும் இதே எச்சரிக்கை: குணகங்கள் மெய்யெண்களாக இருந்தால் மட்டுமே உடன்புணரியும் (அ + இi க்கு அ − இi) பூச்சியமாகும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

கேள்வி: 2ய³ − 3ய² − 11ய + 6 இன் பூச்சியம் ½. ஈவு 2ய² − 2ய − 12 வந்தது. (2ய − 1)(2ய² − 2ய − 12) என்று எழுதினால் புள்ளி குறையுமா?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: குறையும். நீங்கள் வகுத்தது (ய − ½)ஆல். அதை 2ய − 1 ஆக்கும்போது ஈவை 2ஆல் வகுக்க வேண்டும்: (2ய − 1)(ய² − ய − 6). பூச்சியங்கள் ½, 3, −2 எப்படியும் சரியாக வரும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. விரித்துப் பாருங்கள், முதல் உறுப்பு 4ய³ ஆகிவிடும்.