'கிரிட்' (grit) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் மணலா, மன உறுதியா?

இரண்டும்தான். முதலில் வந்தது மணல். பழைய ஆங்கிலத்தில் 'கிரேயோட்' என்றால் மணல், சரளை. சோற்றில் கல் கடிபடும்போது பல்லில் நறநறக்குமே, அதுதான் இதன் அடிப்படைப் பொருள். ஆத்திரத்தையோ வலியையோ அடக்கிப் பல்லைக் கடிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்.

மன உறுதி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பரவியது. உராய்ந்தாலும் தேயாத கல்லின் குணத்தை மனிதனுக்கு ஏற்றிச் சொன்னார்கள். தமிழில் 'நெஞ்சுரம்' நெருங்கி வரும். ஆனால் கிரிட்டில், சலிக்காமல் நெடுநாள் தாக்குப்பிடிப்பதும் சேர்ந்தே இருக்கிறது. 'வைராக்கியம்' என்று பெயர்த்தால் துறவின் வாடை வந்துவிடும்.

மரவேலையில் இந்தச் சொல் இன்னும் மணலாகவே இருக்கிறது. உப்புத்தாளின் பின்புறம் 80, 120, 220 என்று அச்சிட்டிருப்பது கிரிட் எண். எண் கூடக் கூடத் துகள் பொடியாகும், புதியவர்கள் இதைத்தான் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். 80இல் தேய்த்துவிட்டு நேரே 220க்குத் தாவினால், ஆழமான கீறல்கள் அப்படியே நின்று வார்னிஷ் பூசியதும் பளிச்சென்று தெரியும். நடுவில் 120 கட்டாயம்.

பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் 'கிரிட்' தூவுவார்கள். பெயர்தான் மணல், கொட்டுவது பெரும்பாலும் பாறை உப்பு.

உறுதி என்ற பொருளில் இதைப் பன்மையாக்கக் கூடாது. 'கிரிட்ஸ்' என்றால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சாப்பிடும் மக்காச்சோளக் கஞ்சி!